சுகர், பிரஷருக்குக் கருவியோ ஆப்போ வாங்கும் முன்

அப்பாவுக்குச் சுகர் வந்து 11 வருடம் ஆகிறது, பிரஷர் அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்தது. திண்டுக்கல் வீட்டில் அவர் கட்டிலுக்குப் பக்கத்து மேசை இழுப்பறையைத் திறந்தால் இரண்டு குளுக்கோமீட்டர், மணிக்கட்டில் மாட்டும் பிரஷர் மெஷின் ஒன்று, தேதி முடிந்துபோன ஸ்ட்ரிப் டப்பாக்கள், மாமா பையன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த இன்னொரு மீட்டர், நான் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச் எல்லாம் கிடந்தன. எல்லாமே அவர்மேல் உள்ள அக்கறையில் வாங்கியவைதான். ஆனால் டாக்டரிடம் கிளம்பும்போது அவர் கையில் எடுத்துக்கொண்டது மளிகைக்கடை கொடுத்த மாதக் காலண்டரிலிருந்து கிழித்த தாளை. ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் நீல மையில் சுகர் அளவு எழுதியிருப்பார். டாக்டரும் அதைத்தான் வாங்கிப் பார்த்தார், அதைப் பார்த்துத்தான் மாத்திரையை மாற்றினார்.

அதைப் பார்த்த பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ, அல்லது உங்களுக்கே, எதை வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. காய்ச்சல் வந்தால் ஒரு வாரம் மருந்து சாப்பிடுகிறோம், போய்விடுகிறது. சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், ஆஸ்துமா, இதயச் செயலிழப்பு (இதயத்தால் போதிய அளவு ரத்தத்தை வெளியே தள்ள முடியாத நிலை) போன்றவை வருடக்கணக்கில் கூடவே இருப்பவை, அதனால்தான் நாள்பட்ட நோய்கள் என்கிறோம். டாக்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பத்து நிமிடம் பார்த்தால் அதிகம். மீதி நாளெல்லாம் நோயைப் பார்த்துக்கொள்வது வீடுதான். அந்த மீதி நாட்களுக்கு உதவத்தான் டிஜிட்டல் கருவிகள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிற எல்லாமும்: உடம்பில் எதையாவது அளக்கிற மெஷின்கள், அளந்ததைக் குறித்துவைக்கிற ஆப்கள், மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்துகிற அலாரங்கள், வீட்டில் எடுத்த அளவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கிற ஏற்பாடுகள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2023இல் வந்தன. நம் நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 31 கோடிக்கும் மேல் என்று அது மதிப்பிட்டது. இவ்வளவு பேர் இருக்கும் இடத்தில் விற்பனைக்கும் குறைவிருக்காது, போனைத் திறந்தாலே விளம்பரம் வருகிறது. அதனால் எதை வாங்குவது என்று தொடங்கினால் கடைசிவரை குழம்பிக்கொண்டே இருப்போம். நான் இப்போதெல்லாம் வேறு ஒரு கேள்வியிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்: இந்தக் கருவி காட்டப்போகிற எண்ணைப் பார்த்து யார், என்ன செய்யப்போகிறார்கள்?

உதாரணத்துக்கு இதயச் செயலிழப்பு உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மிகப் பயனுள்ள கருவி வீட்டு எடை மெஷின். தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன் ஏறி நின்று பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறியிருந்தால் உடம்பில் நீர் கோத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம், அன்றைக்கே டாக்டருக்கு போன் போட வேண்டும். எண் எது, எவ்வளவு ஏறினால் பிரச்சினை, யாரைக் கூப்பிட வேண்டும் என்று மூன்றுக்கும் பதில் கையில் இருக்கிறது. இதே மாதிரி ஆஸ்துமாக்காரர் வேகமாக ஊதிப் பார்க்கிற பீக் ஃப்ளோ மீட்டர் ஒரு பிளாஸ்டிக் குழாய்தான், பேட்டரிகூடக் கிடையாது, ஆனால் எந்த அளவுக்குக் கீழே போனால் என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் அது பெரிய துணை.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. லான்செட் மருத்துவ இதழில் 2018இல் பிரிட்டன் ஆய்வு ஒன்று வந்தது. பிரஷர் கட்டுக்குள் வராத 1,182 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கம்போல கிளினிக்கில் மட்டும் அளந்து மருந்து. இரண்டாவது பிரிவினர் வீட்டில் அளந்து தாளில் எழுதி அனுப்பினார்கள். மூன்றாவது பிரிவினர் வீட்டில் அளந்து எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினார்கள். இந்த இரண்டு பிரிவிலும் டாக்டர்கள் அந்த வீட்டு அளவை வைத்தே மருந்தைக் கூட்டிக் குறைத்தார்கள். ஒரு வருடம் கழித்து மேல் அளவின் (120/80 என்றால் அந்த 120) சராசரி முதல் பிரிவில் 140.4, தாளில் எழுதியவர்களுக்கு 137.0, எஸ்எம்எஸ் அனுப்பியவர்களுக்கு 136.0. போன் வழியாக அனுப்பியவர்களுக்குக் கொஞ்சம் வேகமாகக் குறைந்தது, அவ்வளவுதான்; வருடக் கடைசியில் தாளுக்கும் போனுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. பிரஷரைக் குறைத்தது டாக்டர் அந்த எண்களைப் பார்த்து மருந்தை மாற்றியதுதான். அதற்கு முந்தைய வருடம் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும், வேறு எந்தத் துணையும் இல்லாமல் வீட்டில் அளந்துகொண்டு மட்டும் இருந்தால் பிரஷர் குறைவதில்லை என்றுதான் கண்டார்கள்.

சுகரிலும் இப்படி ஒரு ஆய்வு உண்டு. அமெரிக்காவில் வட கரோலினாவில், இன்சுலின் போடாத டைப் 2 சர்க்கரை நோயாளிகள் 450 பேர். சிலர் வீட்டில் குத்திப் பார்க்கவே இல்லை, சிலர் தினமும் ஒருமுறை பார்த்தார்கள், சிலருக்குத் தினமும் பார்ப்பதோடு மீட்டரே ஊக்கச் செய்தியும் காட்டியது. ஒரு வருடம் கழித்து எச்பிஏ1சி, அதாவது நாம் மூன்று மாதச் சராசரி என்று சொல்கிற டெஸ்ட், மூன்று பிரிவிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதைப் படித்துவிட்டு நாளையே மீட்டரைத் தூக்கி வைத்துவிடாதீர்கள். இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு மாதிரி சுகரைச் சட்டென்று இறக்கக்கூடிய மாத்திரை சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும் கட்டாயம் பார்க்க வேண்டியவர்கள். மற்றவர்கள் டாக்டரிடம் நேராகவே கேட்டுவிடலாம்: நான் வாரத்துக்கு எத்தனை தடவை, எந்த நேரத்தில் பார்க்கட்டும், எவ்வளவு வந்தால் உங்களைக் கூப்பிடட்டும்? இந்தக் கேள்விக்கு வரும் பதிலை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கடையில் எதை வாங்க வேண்டும் என்பதில் பாதி அந்தத் தாளிலேயே இருக்கும்.

சரி, இப்போது பிரஷர் மெஷின். வீட்டுக்கு ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், பிரஷர் உள்ள வீட்டில் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன். மேல்கையில் சுற்றுகிற தானியங்கி மெஷின் வாங்குங்கள். மணிக்கட்டு மெஷின் கையை நெஞ்சுக்கு நேராக வைக்காவிட்டால் எண்ணை மாற்றிவிடும், விரலில் மாட்டுவது வேண்டவே வேண்டாம். மாடலைப் பரிசோதித்துத் தேறியது என்று பட்டியல் போடுகிற ஸ்ட்ரைட் பிபி என்ற சர்வதேச இணையதளம் இருக்கிறது, வாங்கும் முன் மாடல் எண்ணை அங்கே தேடிப் பாருங்கள். கடைக்காரர் சொல்லும் உத்தரவாதத்தைவிட அது நம்பகமானது.

அடுத்தது, மெஷினோடு வரும் கையில் சுற்றுகிற பட்டை. இதை யாரும் கவனிப்பதில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. அப்பா கொஞ்சம் பருமன். ஒரு நாள் அம்மாவின் தையல் டேப்பை எடுத்து அவர் மேல்கையின் நடுவில் சுற்றிப் பார்த்தேன், 35 செ.மீ. மெஷினோடு வந்த பட்டையின் ஓரத்தில் 22 முதல் 32 என்று அச்சடித்திருந்தது. இத்தனை நாளும் இறுக்கமான பட்டையில் 150, 152 என்று வந்துகொண்டிருந்த மேல் அளவு, பெரிய பட்டை வாங்கி மாட்டியதும் 138, 140க்கு வந்துவிட்டது. பட்டை சிறிதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றி அளந்தால் சராசரியாக 19.5 கூடுதலாக வருகிறது என்று 2023இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. அவ்வளவு வித்தியாசம் இருந்தால் தேவையில்லாத மாத்திரை ஒன்று ஏறிவிடும். வயதானவருக்கு அப்படி ஏறினால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவதில் போய் முடியலாம். தையல் டேப் எல்லா வீட்டிலும் இருக்கிறது, கடைக்குப் போகும் முன் தயவுசெய்து அளந்துவிட்டுப் போங்கள்.

எடுக்கும் விதமும் முக்கியம். டீ, காபி, சிகரெட் எல்லாம் அரை மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக்கூடாது. முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி, காலைக் குறுக்கே போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, கையை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் வைத்து எடுக்க வேண்டும். பேசக்கூடாது. எங்கள் வீட்டில் மெஷின் காற்று ஏற்றிக்கொண்டிருக்கும்போதுதான் அம்மா, கேஸ் புக் பண்ணியாச்சா என்று கேட்பார், அப்பாவும் பதில் சொல்வார், எண் ஏறிப்போகும். ஒரு நிமிடம் இடைவெளி விட்டு இரண்டு தடவை எடுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும் முன் ஒரு வாரம் காலையும் மாலையும் எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றதன் சராசரியைக் கொண்டுபோனால் அவருக்கு அது தங்கம் மாதிரி. வீட்டு அளவில் சராசரி 135/85ஐத் தாண்டினால்தான் அதிகம் என்று கணக்கு. கிளினிக்கில் அது 140/90. ஆனால் 180/120ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போவது போல ஏதாவது இருந்தால் மறுபடி மறுபடி அளந்துகொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

குளுக்கோமீட்டரில் மெஷின் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். மெஷின் மலிவாகவே கிடைக்கும், மாதாமாதம் பணம் போவது ஸ்ட்ரிப்பில். டாக்டர் வாரத்துக்கு எத்தனை தடவை பார்க்கச் சொன்னாரோ அதை ஸ்ட்ரிப் விலையால் பெருக்கி, ஒரு வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று போட்டுப் பார்த்துவிட்டு, அந்த ஸ்ட்ரிப் உங்கள் தெரு மருந்துக்கடையில் எப்போதும் கிடைக்குமா என்றும் கேட்டுவிட்டு வாங்குங்கள். டப்பாவைத் திறந்த பிறகு எத்தனை மாதம் தாங்கும் என்று மேலேயே எழுதியிருக்கும், திறந்த தேதியைப் பேனாவால் குறித்துவையுங்கள். குத்துவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பும் சேர்ந்துதான் அளவாக வரும்.

இன்னொன்று, எந்த மீட்டரும் துல்லியமாக ஒரே எண்ணைக் காட்டாது. சர்வதேசத் தர விதிப்படி 100க்கு மேலே இருக்கும் அளவுகளில் 15 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம், 100க்குக் கீழே 15 புள்ளி வரை இருக்கலாம். அதனால் 140க்கும் 150க்கும் நடுவில் மனசை அலைக்கழிக்க வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து யாராவது மீட்டர் வாங்கி வந்தால் அலகைப் பாருங்கள். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டனில் சுகரை வேறு அலகில் சொல்வார்கள். மாமா பையன் கொண்டுவந்த மீட்டரில் 7.8 என்று வந்ததைப் பார்த்து அப்பா மெஷின் ரிப்பேர் என்று இழுப்பறையில் போட்டுவிட்டார். அதை 18ஆல் பெருக்கினால் 140, நமக்குப் பழகிய எண்.

கையில் ஒட்டிக்கொள்கிற சென்சார் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பொத்தான் அளவு வட்டமான சமாச்சாரம், பல வகைகளில் 14 நாள் வரை தோலோடு ஒட்டிக்கொண்டு சில நிமிடத்துக்கு ஒருமுறை சுகரைப் போனுக்கு அனுப்பும். இன்சுலின் போடுபவர்களுக்கும் அடிக்கடி லோ சுகர் ஆகிறவர்களுக்கும் இது மிகவும் உபயோகமானது. அடுத்த எண் எந்தப் பக்கம் போகிறது என்று அம்புக்குறியே காட்டிவிடும். ஆனால் அது ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கு அடியில் திசுக்களுக்கு நடுவே உள்ள திரவத்தை அளக்கிறது, அதனால் சுகர் வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடம் பின்தங்கிவிடும்.

அப்பாவுக்கு ஒரு தடவை போட்டுப் பார்த்தோம். ராத்திரி இரண்டு மணிக்குச் சென்னையில் என் போன் அலறியது, 54 என்று காட்டியது. நான் அம்மாவுக்கு போன் போட்டு, அம்மா பதறி எழுந்து லைட்டைப் போட்டு, தூக்கத்தில் இருந்தவரை எழுப்பி விரலில் குத்திப் பார்த்தால் 112. அவர் சென்சார் இருந்த கைப்பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். அந்த இடம் அழுந்தினால் சென்சார் பொய்யாகக் குறைத்துக் காட்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது புதிதாகப் போடும் எல்லாரிடமும் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உடம்பு சொல்வதும் சென்சார் சொல்வதும் ஒத்துவராவிட்டால் விரலில் குத்திப் பாருங்கள், அதனால் சாதாரண மீட்டரும் வீட்டில் இருக்கட்டும். அதே சமயம் வியர்த்து, கை நடுங்கி, உளறலாகப் பேசினால் மீட்டரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு அப்புறம் பாருங்கள், சுயநினைவில்லை என்றால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

வாட்ச், மோதிரம் ஆகியவற்றில் ஊசியே இல்லாமல் சுகர் பார்க்கலாம் என்று விளம்பரம் வந்தால் நகர்ந்துவிடுங்கள். அப்படித் தோலைத் துளைக்காமல் தானாகவே சுகரை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரிக்கையே வெளியிட்டது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து. நடையையும் தூக்கத்தையும் கணக்குப் பார்க்க வாட்ச் நல்லதுதான், மருந்தை முடிவு செய்ய அதைக் கேட்கக்கூடாது.

ஆப் விஷயத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்த உதாரணம் நோயாளிகள் கையில் இருப்பதே இல்லை, நர்ஸ்கள் கையில் இருப்பது. பஞ்சாப், மகாராஷ்டிரா போன்ற மாநிலங்களின் அரசு ஆஸ்பத்திரிகளில் பிரஷர் நோயாளிகளுக்காக சிம்பிள் என்ற ஆப்பைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நோயாளியிடம் இருக்கும் அட்டையை ஸ்கேன் செய்து, இன்றைய பிரஷர், கொடுத்த மருந்து, அடுத்து வரவேண்டிய தேதி என்று கொஞ்ச விவரம்தான் பதிவாகும். தேதி தாண்டியும் வராதவர்களின் பட்டியலை அது எடுத்துக் கொடுக்கும், ஊழியர் போன் போட்டு, ஏன் வரவில்லை என்று கேட்பார். பெயருக்கேற்றபடி இவ்வளவுதான். வண்ண வண்ண கிராஃப் எதையும்விட அந்த ஒரு போன் அழைப்பு பெரிய வேலை செய்கிறது என்று நினைக்கிறேன்.

நம் ஊரில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் அதே மாதிரி ஓர் ஆள் இருக்கிறார். வீட்டுக்கு வரும் தன்னார்வலர் பிரஷர் மெஷினோடும் குளுக்கோமீட்டரோடும் வந்து பார்த்து, மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போவார். உங்கள் பகுதியில் வருகிறார் என்றால் அவரிடம் எழுதிவைத்த தாளைக் காட்டுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு நான் ஆப் எதுவும் சொல்வதற்கு முன் இதைத்தான் விசாரிக்கச் சொல்வேன்.

நீங்களே ஒரு ஆப் போடுவதாக இருந்தால், யார் பயன்படுத்தப்போகிறாரோ அவர் கையில் போனைக் கொடுத்து, பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். ஓர் எண்ணைப் பதிவு செய்ய எத்தனை தடவை தொட வேண்டியிருக்கிறது, எழுத்து தெரிகிறதா, தமிழ் இருக்கிறதா, அந்தத் தமிழ் புரிகிற தமிழா, நெட் இல்லாவிட்டால் திறக்கிறதா என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எழுதியதெல்லாம் பிடிஎஃப் ஆகவோ வேறு எப்படியோ வெளியே எடுக்க முடியுமா என்றும் பாருங்கள், முடியாவிட்டால் ஆப் நின்றுபோகும் நாளில் உங்கள் இரண்டு வருடக் கணக்கும் போய்விடும். ப்ளூடூத்தில் தானாக ஏறும் மெஷின்கள் வசதிதான், ஆனால் வீட்டில் இரண்டு பேர் ஒரே மெஷினில் அளந்தால் யாருடைய எண் யார் கணக்கில் ஏறுகிறது என்று கவனமாக இருக்க வேண்டும்.

இலவச ஆப் என்றால் நம் விவரம் எங்கே போகிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். மருந்துக்குத் தள்ளுபடி தரும் குட்ஆர்எக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், பயனாளர்களின் மருந்து, நோய் விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களோடு பகிர்ந்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023இல் குற்றம் சாட்டியது. தவறை ஒப்புக்கொள்ளாமலே 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட அந்த நிறுவனம் சம்மதித்தது. நம் நாட்டிலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. சட்டம் இருந்தாலும், பிரஷரைக் குறித்துவைக்கும் ஆப் உங்கள் தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் கேட்டால் நீங்கள்தான் மறுக்க வேண்டும். அந்த அனுமதி இல்லாமல் ஓடாது என்றால் எடுத்துவிடுங்கள்.

எதை வாங்கினாலும் முதல் இரண்டு வாரம் சோதனைக் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வாரத்தில் அதைப் பார்த்து ஏதாவது ஒரு காரியம், ஒரு போன் அழைப்போ, மாத்திரை மாற்றமோ, சாப்பாட்டில் ஒரு மாற்றமோ நடந்ததா என்று பாருங்கள். நோயாளிக்குப் பயத்தை மட்டும் கூட்டியிருந்தால் அவரைக் குறை சொல்லாமல் கருவியை நிறுத்துங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்பாவின் இழுப்பறையில் இப்போது பெரிய பட்டையோடு ஒரு பிரஷர் மெஷினும் ஒரு குளுக்கோமீட்டரும் இருக்கின்றன. வாட்சை நடைக்குக் கட்டிக்கொண்டு போகிறார். காலண்டர் அப்படியே இருக்கிறது, அதில் பிரஷரைச் சிவப்பு மையில் எழுதச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா அந்தத் தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவார், டாக்டர் சொன்ன எல்லையைத் தாண்டிய எண் ஏதாவது இருக்கிறதா என்று நான் பார்ப்பேன். போன மாதம் மூன்று நாள் தொடர்ந்து வெறும் வயிற்றில் 70ஐ ஒட்டியே இருந்தது. திங்கட்கிழமை காலை டாக்டருக்குப் போட்டோவை அனுப்பினேன், மத்தியானத்துக்குள் ராத்திரி மாத்திரையைப் பாதியாக்கச் சொல்லிவிட்டார்.